பின்கதவு தெரியும் காசெட்

சிவமயம்

கானாடுகாத்தான்
12.9.2025

அன்புள்ள சாலா ஆச்சிக்கு,

உடன்பிறந்த தம்பி இராமு வணங்கி எழுதுவது. கோயம்புத்தூரில் நீங்களும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று எழுத வழியில்லை. விசாலத்துக்கு ஈரலில் வந்தது முற்றிவிட்டது. தீபாவளி தாண்டினால் பெரிது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதைவிடப் பெரிய விஷயமும் ஒன்று இருக்கிறது. போனில் சொல்ல நா எழவில்லை.

அவளுக்கு ஒரே ஆசைதான். மூன்று வயதில் போன எங்கள் நாச்சியம்மை நடப்பதை ஒருமுறை பார்க்க வேண்டுமாம். நம் அப்பச்சி ஆத்தாளின் அறுபதாம் கல்யாண வீடியோ காசெட்டில் மட்டும்தான் பிள்ளை நடக்கிறாள். அன்று மத்தியானம் அவளை ஊருணியிலிருந்து தூக்கி வந்த பிறகு, இருபத்தொன்பது வருஷமாக அந்தக் காசெட்டை யாரும் தொடவில்லை.

முதலில் காரைக்குடியில் ஒரு வி.சி.ஆர். வாங்கினேன். பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. போட்டால் கோடும் புகையும்தான். பிள்ளைக்குப் பின்னால் யாரோ வெள்ளைச் சட்டைக்காரர் இலைக்கட்டோடு போனார். சமையல்காரர் என்று நினைத்துக்கொண்டோம். "என்னங்க, புள்ள மொகமே தெரியலையே" என்று விசாலம் அழுதாள்.

புதுவயலில் ரைஸ்மில்லுக்கு எதிரே சத்தியமூர்த்தி என்பவர் இன்னும் இதையெல்லாம் பழுது பார்க்கிறார். "பளபளப்பப் பாத்து ஏமாந்துட்டீகளேண்ணே, கடைசியா வந்ததெல்லாம் வெறும் பிளாஸ்டிக்கு" என்றார். கல்யாணம் முழுவதையும் ஒரே காசெட்டில் அடக்குவதற்காக மெதுவான வேகத்தில் பதிந்திருக்கிறார்களாம். டேப்பைப் படிக்கும் ஹெட் நாலு உள்ள பழைய கனத்த மிஷினில்தான் தெளியுமாம். அப்படி ஒன்றைத் தேடிப் பிடிக்க இரண்டு மாதம் ஆனது. ரப்பரை மாற்றி, ஹெட்டைத் துடைத்து, காசெட்டில் பூத்திருந்த பூஞ்சையை எடுத்து, நேற்று எனக்கு மட்டும் போட்டுக் காட்டினார்.

படம் தெளிவாக இருந்தது, ஆச்சி. பிள்ளையின் பல்லிடுக்குக்கூடத் தெரிந்தது. பின்கதவைத் திறந்து இலைக்கட்டோடு வருகிறவர் சமையல்காரர் இல்லை. வலது கையில் துணிக்கட்டு. பந்தல் போடும்போது அடிபட்ட என் கைக்கு நீங்கள் கட்டிவிட்ட கட்டு. தாழ் போடாமல் போகிறேன். தூணோரம் நின்று நீங்கள் என்னைப் பார்க்கிறீர்கள். யாரோ கூப்பிட, திரும்பிவிடுகிறீர்கள்.

அந்தக் கதவு வழியாகத்தான் பிள்ளை ஊருணிக்குப் போனாள். திறந்து போட்டது நீங்கள்தான் என்று பங்காளிகள் முன்னால் உங்களை என்ன பேச்சுப் பேசினேன். தலை குனிந்து நின்றீர்கள். அதன்பிறகு இந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை. எனக்கு நினைவே இல்லை என்று எழுதினால் அது பாதிப் பொய். இலை தூக்கிய ஞாபகம் இருந்தது. எந்த வழியாக வந்தேன் என்று யோசிக்கப் பயந்தேன். நீங்கள் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னொரு காசெட்டுல காப்பி எடுக்கையில அந்த எடத்த வெட்டிரவாண்ணே" என்று சத்தியமூர்த்தி கேட்டார். வேண்டாம் என்றேன்.

மிஷின் வந்துவிட்டதா என்று விசாலம் காலையிலும் கேட்டாள். ரப்பர் பெல்ட் வரவில்லை என்று பொய் சொன்னேன். நீங்கள் இல்லாமல் போட மனமில்லை. வாருங்கள் ஆச்சி. அவள் பக்கத்தில் உட்காருங்கள். கதவு வரும் இடத்தில் படத்தை நிறுத்தி நானே சொல்கிறேன்.

உங்கள் பெயரைச் சொன்னால் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கண்டதும் கடுமையாக ஏதாவது சொல்வாள். பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படம் ஓடும் வரைதான்.

உங்கள் தம்பி,
இராமு