பத்து வருஷம் வரும் திரை

மார்ச் 4
ஸ்டூடியோக்காரர் போன் பண்ணினார். நான் நிறம் திருத்திக் கொடுத்த குழந்தை படத்தில் முகமெல்லாம் நீலமாம். என் திரையில் சரியாகத்தானே தெரிகிறது! இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பேச்சு வாங்கியதில்லை.

மார்ச் 6
மானிட்டர் பழசு. அதுதான். வேறென்ன?
அம்மாவுக்கும் முதலில் நிறம்தான் தப்பியது. அப்புறம் பார்வையே போயிற்று. அப்போது அவளுக்கு என் வயசு.

மார்ச் 8
இவரோடு கடைக்குப் போனேன். ஒரு மானிட்டர் மலிவு, மூணு வருஷம் வந்தால் புண்ணியம். இன்னொன்று யானை விலை, பத்து வருஷம் நிறம் மாறாது என்றாள் கடைப்பெண். குழந்தை படம் பையில் பென்டிரைவில் இருந்தது. போட்டுப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. புதுத் திரையிலும் எனக்குச் சரியாகவே தெரிந்துவிட்டால்? மலிவானதே போதும் என்றேன்.

செருப்பிலிருந்து குக்கர் வரைக்கும், மலிவா வாங்கினா ரெண்டு தடவை வாங்கணும் என்று இவர் உயிரை எடுப்பவள் நான்.

"நீயா இதைச் சொல்றே?" என்றார்.

ஒன்றும் வாங்காமல் திரும்பினோம்.

மார்ச் 9
கண்ணே எத்தனை நாளைக்கோ. பத்து வருஷம் உழைக்கிறதை வாங்கி வச்சு யார் பாக்கிறது?
ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் இவர். அழுது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தால், சட்டையை மாட்டிக்கொண்டு கண் ஆஸ்பத்திரியில் நேரம் வாங்கக் கிளம்பிவிட்டார்.

மார்ச் 12
கண்ணுக்கு ஒன்றுமில்லை! நிறங்களைக் காட்டி, சொட்டு மருந்து விட்டு, டாக்டரம்மா நிதானமாகப் பார்த்தார். படிக்கிற கண்ணாடியை மட்டும் மாற்ற வேண்டுமாம். கடையில் கேட்கிற மாதிரி, எத்தனை வருஷம் வரும் என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"வாரண்டி எல்லாம் எழுதித் தர முடியாதும்மா. வருஷா வருஷம் வந்து காட்டுங்க. இப்போதைக்கு நிம்மதியாத் தூங்குங்க."

அப்பாடா. படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 13
மறுபடி கடை. விலை கூடின திரையில் குழந்தை படத்தைப் போடச் சொன்னேன். நீலம். அசல் நீலம்! என் பழைய சனியன் மஞ்சள் பூத்துக் கிடந்திருக்கிறது. அதைச் சரிக்கட்ட நான்தான் நீலத்தை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். நீலக் குழந்தையைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் கடைப்பெண் பயந்துபோனாள்.

இவர் பழையபடி ஆரம்பித்தார்: மலிவானதே போதும்னு நீதானே சொன்னே? அங்கேயே சண்டை பிடித்தேன். என்ன சுகமாக இருந்தது.

"பத்து வருஷம் நான் பாக்கணும். விலை கூடினதையே கட்டும்மா."

மார்ச் 18
படத்தைத் திருத்தி அனுப்பி மூன்று நாளாகிறது. ஸ்டூடியோக்காரரிடமிருந்து போன் இல்லை. இவர் மட்டும் சாப்பிடும்போதெல்லாம் மானிட்டர் விலையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். சொல்லட்டும்.