கொண்டல் என்று நீ எழுதிய இடம்

என் அன்பு மாப்ளே அமலா,

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து உன் ஊர் ஆலந்தலையிலிருந்து நேற்றுதான் திரும்பினேன். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். சொன்னால் நீ என்னைச் சும்மா விடமாட்டாய். விடாதே.

கப்பல் ரேடாரிலிருந்து கழற்றிப் போட்ட அந்த உருட்டுப் பந்தைத் துறைமுகப் பட்டறைக்கு நீ தூக்கி வந்த அன்று, "இது என்னலே, பொரிவிளங்காய் உருண்டையா?" என்று முதலில் கேலி செய்தவன் நான்தான். "சிரிக்காதலே சிவசு. எங்க அப்பாவுக்கு ஒரு எழுத்து தெரியாது. ஆனா கை தெரியும்லா? பந்த உருட்டுனா திரையில புள்ளி ஓடணும். வலை போட்ட இடத்தக் கடல் படத்துல அவரே காட்டணும்" என்றாய். அதற்காக ஒரு வருஷம் அசெம்பிளி என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதினாய். பந்து எந்தப் பக்கம் அசைந்தது, எண்ணைக் கூட்டவா கழிக்கவா என்று வரிக்கு வரி. மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோனபோது நோட்டில் எல்லாம் முடிந்திருந்தது. மெட்ராஸிலிருந்து இரவலாக வந்த மைக்ரோபிராசஸர் கிட்டில் ஏற்றிப் பார்ப்பதுதான் பாக்கி.

பட்டறை அதிகாரி நோட்டை என்னிடம் கொடுத்து, "ஓடுமா? ஓடாதுன்னா கிட்டத் திருப்பி அனுப்பிரலாம்" என்றார். ஒவ்வொரு எண்ணாக விரலால் தட்டி ஏற்ற ஒரு பகல் முழுக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. நான் ஏற்றவில்லை. படித்தே சொல்லிவிடலாம் என்று எனக்கு என்ன கொழுப்பு! கொண்டல் என்றால் கிழக்கு; நீ அப்படிக் குறித்த இடத்தில் புள்ளி மேற்கே போனது. வடக்கைச் சொல்லும் வாடை என்ற இடத்தில் தெற்கே. நான்கு திசையும் தலைகீழ் என்று சிவப்பில் சுழித்து, அறிக்கையும் எழுதிக் கொடுத்தேன். "திசையே தப்புன்னா மத்தத எப்படி நம்புறது?" என்றார் அதிகாரி. அந்த வாரமே கிட் ரயிலேறியது.

நேற்று பூசை முடிந்ததும் நோட்டை உன் அப்பாவிடம் கொடுத்தேன். படித்துக் காட்டச் சொன்னார். "கொண்டல்னு போட்டுட்டு புள்ளிய மேக்க அனுப்புதான் மாமா. காய்ச்சல்ல எழுதுனான் போல" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இதுல என்ன தப்பு தம்பி? கொண்டல் கெழக்க இருந்துல்லா அடிக்கும். வள்ளம் மேக்கதான ஓடும்?"

அடப்பாவி, காற்றையா எழுதினாய்! ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலில் வளர்ந்த எனக்குக் கொண்டல் என்றால் கிழக்கு, அவ்வளவுதான். எங்கிருந்து தள்ளுகிறது என்று நீ எழுதியதை, எங்கே போகிறது என்று நான் படித்தேன். ஒரு பகல் உட்கார்ந்து தட்டியிருந்தால் புள்ளியே எனக்குச் சொல்லியிருக்கும். ஏன் உட்காரவில்லை?

இன்று காலை அதிகாரியிடம் ஓடினேன். "முடிஞ்ச விஷயம்யா" என்றார். கிட் வேறு ஊருக்குப் போய்விட்டதாம். தப்பு என்னுடையது என்று எழுதிய தாளைக் கோப்பில் செருகச் சொன்னார். அதை இனி எவன் திறப்பான்?

பந்து மட்டும் உன் வீட்டில் இருக்கிறது. நேற்று நான் கிளம்பும்போது அப்பா அதை மடியில் வைத்து உள்ளங்கையால் உருட்டினார். "இப்பப் புள்ளி எங்கன போயிருக்கும் தம்பி?" என்று கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு போவேன். எத்தனை ஞாயிறு அவர் உருட்டினாலும், அந்தக் கை போன பக்கத்தைத் தப்பாமல் சொல்லுவேன்.

உன் மாப்பிள்ளை,
சிவசு