உடம்பில் ஒட்டாத மீத்தேன்

மார்ச் 4
மறுபடியும் அதே முடிவு. மீத்தேன் தின்னும் பாக்டீரியாக்களை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். முதல் வகை, உடம்பைக் கட்டத் தேவையான கார்பனையெல்லாம் மீத்தேனிலிருந்தே எடுக்கும். இரண்டாம் வகை பாதியை அதிலிருந்தும் மீதியைக் கரியமில வாயுவிலிருந்தும் எடுக்கும். நான் அடையாளமிட்ட கார்பன் உள்ள மீத்தேனைக் கொடுக்கிறேன். என் பாக்டீரியா தின்கிறது, பெருகுகிறது. உடம்பில் மட்டும் அடையாளம் துளியும் இல்லை.

ஆய்வு வழிகாட்டி, "குப்பி மூடி கசியுதும்மா" என்றார். கசிந்தால் எதைத் தின்று பெருகியதாம்?

மார்ச் 9
மூடி மாற்றியாயிற்று. அதே கதை.

மார்ச் 15
ஊரிலிருந்து போன். பாப்பா, "அம்மா, ஸ்கூல் திறக்கறதுக்குள்ள வந்துடுவேதானே?" என்றாள். வந்துவிடுவேன் என்றேன், வாய் கூசாமல். ஆய்வேட்டைக் கொடுக்காமல் எப்படிப் போவது?

மார்ச் 22
வீடியோவில் என் முகத்தைப் பார்த்துவிட்டு என் கணவர், "என்ன இப்படி இளைச்சுட்டே? சாப்பிடறது எதுவும் உடம்புல ஒட்டலையா?" என்றார். சிடுசிடுத்துவிட்டு வைத்தேன்.

ஒட்டலை.

தின்பது வேறு, ஒட்டுவது வேறு. மீத்தேனை எரித்துச் சக்தியை மட்டும் எடுத்துக்கொண்டு, உடம்பை முழுக்கக் கரியமில வாயுவில் கட்டினால்? அப்படியும் சில உண்டு என்று படித்திருக்கிறேனே. மீத்தேன் தின்னி, மீத்தேன் தின்னி என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் கண்ணை மறைத்துவிட்டது. மடச்சி.

ஏப்ரல் 11
அடையாளத்தைக் கரியமில வாயுவுக்கு மாற்றினேன். முழுக்க ஒட்டியிருக்கிறது. சந்தோஷப்படத் தெம்பில்லை.

ஏப்ரல் 12
வழிகாட்டி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இதை எழுதினா எல்லாத்தையும் மாத்தணும். இன்னும் ஒரு வருஷம் இழுக்கும். இரண்டாம் வகைன்னு போட்டு இந்த மாசமே குடுத்துட்டு வீட்டுக்குப் போம்மா. யார் கேக்கப்போறா?"

யாரும் கேட்கமாட்டார்கள். பொய்யை எழுதிட்டு பாப்பா மூஞ்சிய எப்படிப் பாக்கறது? எழுதலேன்னா மூஞ்சியவே பாக்க முடியாதே — என்னதான் செய்ய?

ஏப்ரல் 20
இரண்டிலும் சேராது என்றே எழுத ஆரம்பித்துவிட்டேன். கணவரிடம் போனில் சொன்னேன். "பாப்பாகிட்ட நீயே சொல்லிடு" என்றார்.

ஜூன் 14
பள்ளி திறந்துவிட்டது. புதுப் பை, பக்கத்தில் உட்காரும் பெண், மிஸ்ஸின் கண்ணாடி என்று பாப்பா எல்லாம் ஒழுங்காகச் சொன்னாள். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. வைக்கும்முன், "அம்மா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்றாள்.

வீட்டுக்கு வருகிறவர்களிடம்தான் அவள் 'நீங்க' என்பாள்.