இரண்டு பிடி கூடை

ஜூன் 3, திங்கள்

அந்த மூன்றரை வயசுப் பெண் எங்கள் பகல்நேரக் காப்பகத்துக்கு வந்து ஒன்றரை மாதம். இன்னும் என் மடியை விட்டு இறங்கவில்லை. பேச்சும் இல்லை. ஆயா அவளுக்குப் 'பசை டப்பா' என்று பேர் வைத்துவிட்டாள். தண்ணீர் வேண்டுமென்றால் என் முகத்தைப் பார்ப்பாள், எடுத்துக் கொடுப்பேன். "வீட்ல வாய் ஓயாது டீச்சர்," என்கிறாள் அவள் அம்மா.

ஜூன் 5

தலைமை டீச்சர் கூப்பிட்டார். "மாசக் கடைசிக்குள்ள மத்த பிள்ளைங்களோட சேரலேன்னா வேற இடம் பார்க்கச் சொல்லிடுவேன். நீங்க இவளுக்கே உட்கார்ந்துட்டா மத்த பதினாலு பேரை யார் பார்க்கறது?" நியாயம்தான்.

ஜூன் 9, ஞாயிறு

ஈரத்துணிக் கூடையை மொட்டைமாடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். இடுப்பு போச்சு. எதிர்வீட்டு அக்கா கதவிடுக்கில் சிரித்தாள், நானும் சிரித்துவிட்டு நடந்தேன். இன்று யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் தொண்டையைச் செருமிப் பார்த்தேன் — குரல் இருக்கிறதா என்று.

ஜூன் 12

டம்ளர் கூடைக்கு இரண்டு பக்கமும் பிடி. இரண்டு பிள்ளைகள் சேர்ந்துதான் குழாயடிக்குத் தூக்க முடியும், அதற்காகவே வாங்கியது. பசை டப்பாவுக்கு அழுமூஞ்சிப் பையனை ஜோடி சேர்த்தேன். ஒரு பிடியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். மறுபிடியை நானே பிடித்துவிட்டேன்.

"அப்ப அந்தப் பையன் எதுக்கு டீச்சர் நிக்கறான்?" என்றாள் ஆயா.

ஜூன் 13

உண்மையை எழுதிவிடுகிறேன். நான் ஒரு நாள் வராவிட்டால் தேட இந்த உலகத்தில் அந்தப் பசை டப்பா ஒருத்திதான். அதனால்தான் கேட்பதற்கு முன்னாலேயே எல்லாம் எடுத்துக் கொடுக்கிறேனா? சீ.

ஜூன் 19

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். வாயையும். கூடை நடுவில் கிடந்தது. அழுதாள்.

ஜூன் 20

அழுதாள்.

ஜூன் 21

இன்றும்.

ஜூன் 24

கூடையைத் தனியாகத் தூக்கிப் பார்த்தாள், முடியவில்லை. நேரே அழுமூஞ்சியிடம் போய்ச் சட்டையை இழுத்து, "நீ அந்தப் பக்கம் பிடி," என்றாள். ஆயா துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். வழியில் இரண்டு டம்ளர் விழுந்தது. யாரும் திட்டவில்லை.

ஜூன் 28

அவள் இங்கேயே இருக்கலாம் என்று தலைமை டீச்சர் சொல்லிவிட்டார். கதை நேரத்தில் அழுமூஞ்சியின் தோளில் சாய்ந்திருந்தாள். இன்று ஒரு தடவைகூட மடிக்கு வரவில்லை. இதுக்குத்தானே பாடுபட்டே? பிறகு ஏன் பாத்ரூமில் போய் அழுகை?

ஜூன் 30, ஞாயிறு

துணிக்கூடைக்கும் இரண்டு பிடி. ஊருக்குத்தான் உபதேசம். எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன், நாலு வருஷத்தில் முதல் தடவையாக.

"அக்கா, மாடி வரைக்கும் அந்தப் பக்கம் பிடிக்கறீங்களா?"

அக்கா செருப்பைத் தேடிக்கொண்டே வந்தாள்.