ஒரு ஜாண்

12-6-2003
இன்றும் ராஜவேலு சோற்றில் கையை வைத்துக்கொண்டு மொபைலில் லாரிக்காரனோடு பேசினான். பெற்றவள் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு வார்த்தை கிடையாது. மகன்தானே அவன்? பொறுக்கவில்லை. "என் நெஞ்சுல வெச்சிருக்கிற மிஷினுக்கும் அதுக்கும் ஆவாது. கிட்ட வந்தா கரண்ட் அடிக்கும்னு டாக்டர் சொல்லிக்கிறாரு" என்றேன். முகம் வெளுத்துத் தெருவுக்கு ஓடினான்.

டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. இதயத் துடிப்புக்கு வைத்த மிஷின் மேல் போனை வைக்காதீங்க, ஒரு ஜாண் தள்ளி இருந்தால் போதும் என்றார். அப்போது இவன் மருந்து வாங்கப் போயிருந்தான்.

2-7-2003
போன் வீட்டுக்குள் வருவதில்லை. சாப்பிடும்போது என்னோடு பேசுகிறான். அஞ்சாங்கிளாஸ்தான் படித்தேன். ஆனால் வீட்டை நடத்தத் தெரியும்.

8-11-2003
பேத்தி, ராஜவேலுவின் மகள் வள்ளிமயிலுக்கு ஆண் குழந்தை. முருகா!
இந்தத் தெருவில் நான் கால் நீட்டி உட்கார்ந்து குளிப்பாட்டாத பிள்ளை யார்? ராஜவேலுவின் சப்பை மூக்கையே எண்ணெய் போட்டு நீவி எடுத்தவள் நான்.

14-11-2003
வெந்நீர் விளாவி, கால் நீட்டி உட்கார்ந்தேன். வள்ளி பிள்ளையைத் தரவில்லை.
"வேணாம் ஆயா. உன் மிஷின்ல கரண்ட் ஓடுதுன்னு நைனா சொல்லுது. பச்சப்புள்ள."
மருமகள் பிரபாவதி சும்மா இருப்பாளா? "போனுக்கே ஆவாதுன்னா, புள்ளைக்கு மட்டும் ஆவுமா அத்தே?"
பிள்ளையைக் குளிப்பாட்ட மணவூரிலிருந்து மணியம்மை என்று ஒருத்தியை வரவழைத்துவிட்டார்கள்.
என்ன சொல்வேன்? பொய் சொன்னேன் என்றா? மருமகள் எதிரிலா?

15-11-2003
அந்த மணியம்மைக்குத் தலையைத் தாங்கிப் பிடிக்கக்கூடத் தெரியவில்லை. குழந்தை வீறிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே நின்றேன்.

30-11-2003
சொல்லிவிட்டேன். எல்லார் எதிரிலும். "நான் சொன்னது பொய்டா. நீ என்னாண்ட பேச மாட்டேன்றியேன்னு சொன்னேன்."
ராஜவேலு சிரித்தான். கோபமாகக்கூட இல்லை. அதுதான் எரிகிறது.
"புள்ளைய தூக்கணும்னு ஆசை. அதுக்கோசரம் இப்பிடியாம்மா பொய் சொல்லுவே?"
"அப்ப சொன்னதுதான் பொய்டா!"
"ஆங், சரி சரி. தை மாசம் செக்கப்புக்குப் போவோம் இல்ல, அப்ப டாக்டரையே கேட்டுக்கலாம்."
பிரபாவதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரித்தாள். பார்த்தேன்.
தை மாசமா? அதுவரை பிள்ளை குப்புற விழுந்துவிடுமே.

18-1-2004
வள்ளியை அம்மையார்குப்பத்துக்கு, மாமியார் வீட்டுக்கு, அனுப்பிவைத்தோம். ஒரு நாள்கூட என் காலில் போட்டு ஊற்றவில்லை.

29-1-2004
சென்னை ஆஸ்பத்திரி. ராஜவேலுவே கேட்டான். டாக்டர் சிரித்துவிட்டார். "குழந்தையைத் தாராளமா தூக்கலாம். போன்கூட வீட்டுல இருக்கலாமே, ஒரு ஜாண் தள்ளி. போன வருஷமே அம்மாகிட்ட சொன்னேனே."
ராஜவேலு என்னைப் பார்த்தான். மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். திட்டியிருக்கலாம்.
ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்து போனை எடுத்தான். லாரி, லோடு, டிரைவர். அரக்கோணம் தாண்டி வள்ளியோடு பேசினான். பிள்ளை அழுவது எனக்கும் கேட்டது. அது வயிற்றுவலி அழுகை.
"கொஞ்சம் ஓமத்தண்ணி குடுக்கச் சொல்லுடா" என்றேன்.
சும்மா இரு என்று கையைக் காட்டிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.