ஆம்ப்ரோஸின் கை

என் பிரியமானவருக்கு,

ராஜாவை எதிர்த்துப் போர் நடக்கும் இந்த நேரத்தில் லண்டன் நாடாளுமன்றத்தில் உங்களுக்குத் தலைக்கு மேல் வேலை என்று தெரியும். ஆனாலும் கல்லறை வேலையைப் பற்றி எழுதத்தான் வேண்டும்.

நமக்காக நீங்கள் முன்கூட்டியே செய்யச் சொன்ன சிற்பம் தேவாலயத்தில் முடியும் தறுவாயில் இருக்கிறது. உங்கள் பெயரோடு பாரோனெட் பட்டமும் பொறித்தாகிவிட்டது. நாம் இருவரும் கைகூப்பிப் படுத்திருக்கிறோம். காலடியில் நம் மகன் ஆம்ப்ரோஸோடு பிள்ளைகள் மூவரும் மண்டியிட்டிருக்கிறார்கள். காய்ச்சலில் நம்மை முந்திப் போன மகள்கள் இருவர் கையிலும், இறந்த பிள்ளைகளுக்குச் செய்யும் வழக்கப்படி, மண்டையோடு இருக்கிறது.

போன மாதம் சிற்பி டோபியாஸ் உங்கள் கடிதத்தோடு வந்து நின்றான்.

"அம்மா, ஆம்ப்ரோஸ் தம்பி கையிலயும் மண்டையோடு வைக்கச் சொல்லி ஐயா எழுதியிருக்காரு. ராஜா பக்கம் போய்ச் சேர்ந்த அன்னைக்கே அவன் எனக்குச் செத்துட்டான்னு சொல்றாரு. உசுரோட இருக்கிற புள்ளைக்கு எப்படிம்மா வைப்பேன்?"

"வச்சுப் பாரு, உன் கையை ஒடிச்சிடுவேன்! ஐயா கோவம் நாலு நாள்ல ஆறிடும். அந்தக் கை வெறுங்கையாவே இருக்கட்டும்" என்று விரட்டிவிட்டேன். உங்களிடம் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆம்ப்ரோஸின் குதிரை மட்டும் வீடு வந்து சேர்ந்தது. யாரோ ஒரு சிப்பாய் அதைப் பிடித்துக்கொண்டு வந்தான். நம் பிள்ளையின் கையுறைகளையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். நான் பின்னிக் கொடுத்தவைதான்.

நேற்று டோபியாஸை நானே கூப்பிட்டனுப்பி, உங்கள் சொற்படியே செய்யச் சொல்லிவிட்டேன். அவன் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உளியை எடுத்தான்.

உங்கள் கோபம் ஆறிவிட்டதா என்று மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
மூன்று பிள்ளைகளையும் உங்களுக்குப் பெற்றவள்