ஸ்டாஃப் பிடிப்பவள்

பிப்ரவரி 3, செவ்வாய்

பல் துலக்க எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு இன்று காலை முழுவதும் ஆனது. துலக்குவதற்கு அல்ல, துலக்கலாம் என்று எழுந்திருப்பதற்கு. பிரஷ் மேசைமேல் கண்ணெதிரே இருக்கிறது. கை என்னுடையது, பல்லும் என்னுடையது. நடுவில் எது தடுக்கிறது? அம்மாவைக் கேட்டால் சோம்பல் என்பாள். ஆனால் சோம்பலில் ஒரு சுகம் இருக்குமே. இதில் அது துளிகூட இல்லை. அப்படியானால் இது என்ன?

மதியம் துறைத் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். நான்கு தாளில் தோல்வி, வருகைப்பதிவும் போதாது. மாதக் கடைசிக்குள் நான் ஒன்று சொல்லியாக வேண்டும். படிப்பை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுக்கலாம், அல்லது இரண்டாம் ஆண்டை மறுபடி படிக்கலாம். மறுபடி படிக்க இந்த ஆண்டின் சர்வே செய்முறையிலாவது தேறியிருக்க வேண்டுமாம். "வீட்டுல கலந்து பேசிட்டு வாம்மா" என்றார். வீடு என்றால் அக்காதான், என்னைப் படிக்கவைப்பது அவள். நான் நன்றாகப் படித்துக்கொண்டிருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

விட்டுவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

செய்துவிட்டேனா?

பிப்ரவரி 4

இன்றும் அப்படியே.

பிப்ரவரி 6, வெள்ளி

அக்கா போன் செய்தாள். கடையிலிருந்துதான். மூக்குக்கண்ணாடிக் கடை, பின்னால் கண்ணாடி தேய்க்கிற மெஷின் இரைந்துகொண்டிருந்தது.

"குரல் என்னடி, கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு?"

தொண்டைமேல் பழியைப் போட்டேன். மேலே கேள்வி வராமலிருக்க சர்வே கதையை எடுத்துவிட்டேன். ஓர் இடத்தில் தொடங்கி, தரை எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று அளந்துகொண்டே வளாகத்தைச் சுற்றி வந்து, தொடங்கிய இடத்திலேயே முடிக்க வேண்டும். முக்காலிமேல் ஒரு கருவி. அதன் வழியாக ஒருத்தி பார்ப்பாள். எதிரே இன்னொருத்தி அளவு குறித்த நீளக் கழியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்தக் கழிக்குப் பெயர் ஸ்டாஃப். மூன்று துண்டு, ஒன்றுக்குள் ஒன்று. இழுத்தால் 'டிக்' என்று பூட்டி நிற்கும். கிளம்பிய இடத்தின் உயரமும் முடிகிற உயரமும் ஒன்றாக வந்தால் வேலை சரி.

"நீ அதுல பார்ப்பியா?"

"நான் கழி பிடிக்கிறவ."

"சும்மா நிக்கறதுக்கா இவ்வளவு படிப்பு?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு கன்னம் வலித்தது. சிரிக்கிற பழக்கம் விட்டுப்போயிருக்கிறது போல.

பிப்ரவரி 9, திங்கள்

சர்வே. அறைத்தோழிதான் இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு ரேடியோ என்று பெயர், தூக்கத்திலும் ஒலிபரப்பு உண்டு. கருவியில் பார்ப்பவள் அவள். எங்கள் குழுவில் இன்னும் இரண்டு பேர் உண்டு. அவர்கள் காதலர்கள் என்பதால் இல்லாததற்குச் சமம்.

பட்டறைக்குப் பின்னால் தரை சரிந்து இறங்குகிறது. அந்தப் பள்ளத்தில் நிற்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நான் எதையும் நினைத்துக்கொண்டிருக்கவும் இல்லை. அழுகை வருவதற்கு முன்னால் அழ வேண்டும் என்று தோன்ற வேண்டாமா? அதுபாட்டுக்கு வருகிறது, அதுபாட்டுக்குப் போகிறது. தூரத்தில் ரேடியோ கையை ஆட்டி ஆட்டி ஏதோ காட்டினாள். கழியை நிமிர்த்தினேன்.

சுற்றி முடித்துக் கணக்குப் போட்டால் பத்து சென்டிமீட்டருக்கும் மேல் பிழை. ஒரு சென்டிமீட்டர் வந்தாலே சார் முறைப்பார்.

"விடு, அட்ஜஸ்ட் பண்ணி ஜீரோ ஆக்கிடறேன். எல்லாரும் அதான் பண்றாங்க" என்றாள் ரேடியோ.

"தப்பு என்னோடதாத்தான் இருக்கும்."

"எல்லாத்துக்கும் நீதானா? மழை பெய்யலன்னாலும் நீதானா?"

பிப்ரவரி 10

படுத்தே கிடந்தேன். வழக்கமாக ஓடுகிற பாட்டுதான் — நீ எதற்கும் லாயக்கில்லை, கழிகூடப் பிடிக்கத் தெரியவில்லை. நடுவில் ஒரு சின்னக் கேள்வி குறுக்கே வந்தது. சரி, பிடிக்கத் தெரியவில்லை. *எங்கே* தெரியவில்லை? எல்லா இடத்திலும் தப்பாகப் பிடித்திருந்தால் பிழை கன்னாபின்னா என்றல்லவா வர வேண்டும்? ஓரிடத்தில் மட்டும் என்றால் அது எது?

ரேடியோவின் குறிப்பை வாங்கி ஒவ்வொரு அளவாகப் பார்த்தேன். அநேகமாக எல்லாம் கழியின் கீழ்ப்பகுதியிலேயே விழுந்திருக்கிறது. உச்சியிலுள்ள மூன்றாவது துண்டில் விழுந்தது ஒன்றே ஒன்று. பட்டறைப் பள்ளம்.

வெளியே இருட்டியிருந்தது. இத்தனை நேரம் என்னைப் பற்றி ஒன்றுமே நினைக்கவில்லை என்பதைக் கவனித்தேன். கவனித்ததும் போய்விட்டது.

பிப்ரவரி 11, புதன்

கருவி அறையிலிருந்து அதே கழியை வாங்கிக்கொண்டு பள்ளத்துக்குப் போனேன். தலை வாரவில்லை, யார் பார்த்தால் என்ன. மூன்றாவது துண்டை இழுத்தேன். 'டிக்'. விட்டேன், மறுபடி இழுத்தேன். 'டிக்'. திங்கட்கிழமை இந்தச் சத்தம் கேட்டதா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், கேட்கவே இல்லை. பூட்டாமல் பிடித்திருக்கிறேன், துண்டு கொஞ்சம் உள்ளே இறங்கியிருக்கிறது.

ஆக, தப்பு என்னுடையதுதான். ஆச்சரியம் என்னவென்றால், அது தெரிந்தபோது சந்தோஷமாக இருந்தது. தப்பு நான் முழுவதுமல்ல. ஒரு கையளவுதான்.

ரேடியோவைக் கூட்டிவந்து அந்த ஓர் இடத்தை மட்டும் மறுபடி அளந்தோம். பிழை ஏழு மில்லிமீட்டர் என்று வந்தது.

"பார்த்தியா, வாழ்க்கையும் இப்படித்தான்—" என்று ஆரம்பித்தாள்.

"வாயை மூடு."

பிப்ரவரி 12

ஜீரோ கொண்டுபோன குழுக்களை எல்லாம் சர்வே சார் வெயிலுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். "இவ்வளவு சரியா எனக்கே வந்தது இல்ல, போய் நிஜமாவே அளந்துட்டு வாங்க." எங்களுடையதைப் பார்த்துவிட்டு, "ஏழா? நம்பலாம்" என்றார். தேறிவிட்டோம். காதலர்களும் தேறிவிட்டார்கள்.

பிப்ரவரி 13, வெள்ளி

கல்லூரி டாக்டரைப் பார்த்தேன். குணமாக வேண்டும் என்றெல்லாம் போகவில்லை. தெரிந்துகொள்ளத்தான் போனேன். இது சோம்பலா, வேறு ஏதாவதா என்று.

தூக்கம், பசி, படிப்பு, அழுகை எல்லாம் கேட்டார். பிறகு உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றியிருக்கிறதா என்றார். அப்படி இல்லை, ஆனால் காலையில் கண் விழிக்காமலே போனால் நல்லது என்று சில நாள் தோன்றியிருக்கிறது என்றேன். வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அதற்குப் பிறகு அவசரமே காட்டவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். எந்த இடத்தில் தப்பு நேர்ந்தது? எந்த மாதம், எந்தப் பரீட்சை? பட்டறைப் பள்ளத்தின் கதையையும் சொன்னேன்.

"உங்க கழி மாதிரி இல்லம்மா இது. ஒரே இடம்னு கிடைக்காமயே போகலாம். கிடைக்கலன்னாலும் வைத்தியம் இருக்கு."

மனச்சோர்வு நோயாம். பெயர் இருக்கிறது. மாத்திரை மெதுவாகத்தான் வேலை செய்யும், வாராவாரம் வந்து பேச வேண்டும், வீட்டில் ஒருவருக்காவது தெரிய வேண்டும் என்றார். அந்தக் கடைசிதான் கஷ்டம்.

பிப்ரவரி 14

அக்காவிடம் சொல்லிவிட்டேன். நாலு தாள், டாக்டர், மாத்திரை, எல்லாம். பேசப் பேச மெஷின் சத்தம் நின்றுபோனது. திட்டுவாள் என்று நினைத்தேன். அப்புறம், "நாளைக்கு வரேன். சாப்பிட்டுத் தூங்கு" என்று வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 15, ஞாயிறு

அக்கா வந்தாள். என் தலையை அவளே வாரிவிட்டாள், சின்ன வயதில்போலச் சுள்ளென்று இழுத்து. படிப்பை விடுகிறேன் என்று எழுதி வைத்த தாளைக் காட்டினேன்.

"இதை நீ சொல்றியா, உன் நோய் சொல்லுதா?"

"தெரியலக்கா."

"தெரியலன்னா இப்ப கையெழுத்து போடாத. கண்ணு சிவந்து தண்ணி விட்டுட்டு இருக்கறவங்களுக்கு நாங்க பவரே பார்க்க மாட்டோம். என்ன நம்பர் வந்தாலும் தப்பாத்தான் வரும். ஆறிட்டு வாங்கன்னு அனுப்பிடுவோம்."

மறுபடி படிப்பதற்கு எழுதி வைத்தோம், நாளை துறையில் கொடுப்பேன். தங்கைக்கு ஒரு வருடம் வீணாகிறதே என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பஸ் ஏறும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுதிருப்பாள். எனக்குத் தெரியும்.

மார்ச் 2

வாய் உலர்கிறது. கொட்டாவி வருகிறது. வேறு மாற்றம் எதுவும் தென்படவில்லை. பொறுமை என்கிறார் டாக்டர். அவருக்கென்ன.

மார்ச் 19

சாப்பாட்டில் உப்பு அதிகம் என்று ரேடியோவிடம் சண்டை போட்டேன். அவள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். "உனக்கு ருசி தெரியுதா?"

ஆமாம், எப்போதிலிருந்து?

ஏப்ரல் 8

மறுபடி இரண்டு நாளாக எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதானா? பழையபடி ஆயிட்டேனா? இத்தனையும் தண்டமா? — ரேடியோ ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் பேசாமலிருந்தது எனக்காக. அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 10

எழுந்தேன். டாக்டர் இப்படித்தான் ஏறி இறங்கும் என்கிறார். ஏறி இறங்குவதை அளப்பதுதானே எங்கள் படிப்பு என்றேன். எனக்கே சிரிப்பு வந்தது. உவமை சொல்லிவிட்டேன் என்று ரேடியோவுக்குத் தெரியக் கூடாது.

ஜூலை 14, செவ்வாய்

புது வகுப்பு. எல்லாரும் என்னைவிட ஒரு வயது சின்னவர்கள். 'அக்கா' என்கிறார்கள். முதல் வாரம் அது குத்தியது, இப்போது பழகிவிட்டது. ரேடியோ மூன்றாம் ஆண்டுக் கட்டடத்திலிருந்து இடைவேளையில் கையாட்டிவிட்டுப் போகிறாள்.

இன்று இவர்களுக்கு முதல் சர்வே. எனக்கு அது முடிந்த பாடம், போயிருக்க வேண்டியதில்லை. சும்மா பார்க்கப் போனேன். குட்டையான ஒருத்தி பட்டறைப் பள்ளத்தில் கழியோடு நின்றாள். மூன்றாவது துண்டை இழுத்து நிமிர்த்தினாள்.

"இரும்மா. சத்தம் கேக்கல" என்றேன்.

"என்ன சத்தம்க்கா?"

மறுபடி இழுக்கச் சொன்னேன். கேட்டது.

மதியம் சாப்பிட்டுக் கை கழுவும்போது திடீரென்று சந்தேகம் வந்தது: காலையில் பல் துலக்கினேனா? நாக்கால் தடவிப் பார்த்தேன். துலக்கியிருக்கிறேன். எப்போது எழுந்தேன், எப்போது பிரஷை எடுத்தேன் — எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.